மூக்காயி போட்ட தும்மல்

நொச்சிக்குளத்துக் கரையில் நாற்பது வெள்ளாடுகள் வாழ்ந்து வந்தன. அவற்றுக்கு நல்ல கொம்பு இருந்தது. நல்ல பசி இருந்தது. மூளையும் இருந்தது, அளவாக.

காலையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேயக் கிளம்பும். எட்டாத கிளைக்குப் பின்னங்காலில் நிற்கும். எட்டுகிற கிளையை மதிக்காது. மத்தியானம் வாகை மர நிழலில் கூட்டமாகப் படுத்து அசைபோடும். அசைபோட்டுக்கொண்டே அடுத்த வீட்டுக் கதை பேசும். நாற்பதும் ஒரே குடும்பம் என்பதால் அடுத்த வீடு என்பதும் சொந்த வீடுதான். அதனால் கதை இன்னும் ருசியாக இருக்கும்.

குளத்துச் சேற்றில் பூதாயி என்ற எருமை படுத்திருக்கும். குட்டிகள் அதன் முதுகில் ஏறும். ஏறியது ராஜா. அதைத் தள்ளிவிட்டது அடுத்த ராஜா. ஒரு மத்தியானத்தில் பதினைந்து ராஜாக்கள் சேற்றில் விழுவார்கள்.

"மெதுவா ஏறுங்கடா, முதுகு கூசுது!" என்று பூதாயி சொல்லும். ஆனால் எழுந்து போகாது.

ஆடுகள் மேயும்போது புல்லிலிருந்து தத்துக்கிளி கிளம்பும். அதைப் பிடிக்க ரெட்டைவால் என்ற கரிச்சான் குருவி ஆட்டின் முதுகில் உட்கார்ந்து சவாரி செய்யும். சாப்பாட்டுக்குக் கைம்மாறாக ஊர்ச் செய்தி சொல்லும். அது சொல்வதில் பாதியை நம்பலாம்.

கூட்டத்துக்குத் தலைவர் சடையாண்டி என்ற கிடா. நீண்ட தாடி. அதைவிட நீண்ட வாடை. பத்து முழத்துக்கு அப்பாலேயே அது வருவது தெரிந்துவிடும். பக்கத்தில் பறந்த வண்டு ஒன்று மயங்கி விழுந்ததாக ஒரு பேச்சு உண்டு. இது ரெட்டைவால் சொன்ன செய்தி.

சடையாண்டியின் மனைவி மூக்காயி. அதன் மூக்கு லேசானதல்ல. காற்றில் துளி நரிவாடை கலந்தாலும் போதும், "ஹச்!" என்று ஒரு தும்மல் போடும். அவ்வளவுதான். நாற்பது ஆடும் துள்ளி எழுந்து, பூதாயியின் இரண்டு முழக் கொம்புக்குப் பின்னால் போய் நின்றுவிடும்.

இதனால் மாசிலாமணி என்ற நரி மூன்று வருஷமாக நண்டும் இலந்தைப்பழமும் தின்று நாளைக் கழித்து வந்தது.

"என் வாழ்க்கைக்கு நடுவிலே ஒரு மூக்கு நிற்குதே!" என்று அது புலம்பும்.

ஒரு நாள் காலை, கோழி கிடைக்குமா என்று பார்க்க மாசிலாமணி பக்கத்து ஊருக்குப் போனது. வேலியோரம் பதுங்கியிருந்தது. ஒரு வீட்டிலிருந்து வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். தெருமுனையில் பஸ் நின்றது. அவர் வாசல்படியில் கால் வைத்த நேரம், உள்ளே அவருடைய மைத்துனர் தும்மினார். ஒரே ஒரு தும்மல்.

வேட்டிக்காரர் அப்படியே திரும்பினார். உட்கார்ந்தார். ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது.

"நல்ல வேளை! போயிருந்தா என்ன ஆகியிருக்குமோ!" என்றார் அவர், மிகுந்த திருப்தியோடு.

மாசிலாமணி கோழியை மறந்தது.

"பஸ்ஸுக்குப் போறவனையே ஒரு தும்மல் உட்கார வைக்குது. இலை தின்னப் போறவங்களை உட்கார வைக்காதா?"

மறுநாள் அது நெற்றியில் வெள்ளைக் களிமண்ணை மூன்று கோடாகப் பூசிக்கொண்டது. ஒரு காய்ந்த பனையோலையை அக்குளில் வைத்துக்கொண்டு குளத்தின் எதிர்க்கரையில் வந்து நின்றது.

"ஹச்!" என்றது மூக்காயி. நாற்பது ஆடும் பூதாயிக்குப் பின்னால் போய் நின்றன.

"ஓடாதீங்க, ஓடாதீங்க! நான் தின்ன வரலை!" என்று மாசிலாமணி கத்தியது. "போன மாசத்திலிருந்து நான் சைவம்!"

"நேத்து சாயங்காலம் நண்டு தின்னியே, நான் பார்த்தேனே!" என்றது ரெட்டைவால்.

"நண்டு தண்ணியிலே விளையுது தம்பி. அது ஒரு மாதிரிக் கீரை."

ஆடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தண்ணீரில் விளைகிற வேறு கீரைகளும் உண்டு. ஆகவே அது சரியாகத்தான் பட்டது.

"நான் இப்ப சகுன சாஸ்திரம் படிச்சிட்டு வந்திருக்கேன்" என்று நரி ஓலையைத் தூக்கிக் காட்டியது. "உங்க குடும்பத்தைப் பார்த்தாப் பாவமா இருக்கு. ஒண்ணு கேக்குறேன். போன வருஷம் குளம் வத்துச்சே, அன்னிக்கு இந்த அம்மா தும்மினாங்களா?"

ஆடுகள் யோசித்தன. "தும்மினா!"

"கிடா ஐயாவுக்குக் கொம்பு நுனி உடைஞ்சுதே, அன்னிக்கு?"

"அன்னிக்கும் தும்மினா!"

"அவதான் தினமும் தும்முவாளே!" என்றது பூதாயி.

"பார்த்தீங்களா!" என்று நரி துள்ளியது. "தினமும் தும்மியிருக்காங்க! பிறகு இந்தக் குடும்பம் எப்படி விளங்கும்?"

ஆடுகள் எல்லாம் மூக்காயியைத் திரும்பிப் பார்த்தன. மூக்காயிக்குக் காது இரண்டும் தொங்கிவிட்டன.

"அப்ப என்ன செய்யணும் சோசியரே?" என்றது சடையாண்டி. மரியாதையாக யாராவது 'கிடா ஐயா' என்றால் அதற்குத் தாடி சிலிர்க்கும்.

"ரொம்பச் சுலபம். ஒத்தைத் தும்மல் கேட்டா, இருக்கிற இடத்திலேயே உட்காரணும். கண்ணை மூடணும். நிழல் ஒரு முழம் நகர்ற வரைக்கும் திறக்கக் கூடாது. பிறகு மூணு வாய் தண்ணி குடிச்சிட்டு எந்திரிக்கலாம். ரெட்டைத் தும்மல்னா நல்லது, உட்கார வேண்டாம். தும்மினது யாரா இருந்தாலும் இதே சட்டம்தான்."

கூட்டத்திலிருந்து ஒரு பொடிக்குட்டி தலையை நீட்டியது. மூக்காயியின் மகள்.

"கண்ணை மூடிக்கிட்டா, நிழல் நகர்ந்தது எப்படித் தெரியும்?"

"கெட்டிக்காரக் குட்டி! உன் பேரு என்ன கண்ணு?"

"சீடை."

பேரைக் கேட்டதுமே மாசிலாமணிக்கு வாய் ஊறியது. ஓலையால் துடைத்துக்கொண்டது.

"நம்பிக்கை இருந்தாத் தெரியும் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனது.

"எல்லா இனத்துக்கும் ஒரு சாஸ்திரம் இருக்கு, நமக்கு இல்லை" என்றது சடையாண்டி. "இனிமே இருக்கட்டும்."

"ஏங்க, நான் தும்மினது நரிவாடைக்குத்தானேங்க!" என்றது மூக்காயி.

"சொல்லிக்கிட்டே தும்மிடாதே! பேசாம இரு!"

சாஸ்திரம் மறுநாளே அமலுக்கு வந்தது.

நாற்பது ஆடுகள். எண்பது மூக்குத் துவாரங்கள். காலையில் கிளம்பும்போது ஒன்று தும்மியது. எல்லாம் உட்கார்ந்தன. ஆடு படுக்குமுன் முன்னங்காலால் தரையைச் சுரண்டும். நாற்பதும் சுரண்டியதில் புழுதி கிளம்பியது. புழுதியில் இன்னொன்று தும்மியது. எழப்போனவை மறுபடி உட்கார்ந்தன. மறுபடி சுரண்டல். மறுபடி புழுதி.

அவை மேயப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கருவேல மரத்தடியில் விழுந்த காய்ந்த நெற்றுக்காயை எல்லாம் செம்மறி ஆடுகள் தின்று முடித்திருந்தன.

"என்னப்பா, எல்லாரும் தூங்கிட்டீங்களா?" என்றது ஒரு செம்மறி.

"சாஸ்திரம்" என்றது சடையாண்டி, பசியோடும் பெருமையோடும்.

மத்தியானக் கதையும் நின்றது. பேசினால் மூக்கில் காற்றுப் போகும், தும்மல் வரும் என்று எல்லாம் வாயை மூடிக்கொண்டன. ராஜா விளையாட்டும் நின்றது. குதித்தால் புழுதி வரும். பூதாயியின் முதுகில் ஏற யாரும் இல்லை.

"இன்னிக்கும் யாரும் வரலையா? வேணும்னா கூசுதுன்னு சொல்லாம இருக்கேன்" என்று பூதாயி கேட்டுப் பார்த்தது. பிறகு தூங்கிப்போனது.

ரெட்டைவாலும் பொறுத்துப் பார்த்தது. உட்கார்ந்த ஆட்டிடமிருந்து தத்துக்கிளி கிளம்பாது.

"மதினி, தப்பா நினைக்காதீங்க. எனக்கும் வயிறு இருக்கு" என்று மூக்காயியிடம் சொல்லிவிட்டுச் செம்மறிக் கூட்டத்தோடு போய்விட்டது.

மூக்காயி தனியாகப் போய் நின்றது. தும்மல் வரும்போதெல்லாம் மூக்கை மரத்தில் தேய்த்து அடக்கியது. அடக்கிய தும்மல் காது வழியாக வரப் பார்த்தது. ஒரு தடவை வால் வழியாக வந்தது. அதற்கும் சாஸ்திரம் உண்டா என்று தெரியாமல் ஆடுகள் பாதி உட்கார்ந்து பாதி நின்றன.

இப்படி நான்கு நாள் போனது. நாற்பது வயிறும் ஒட்டியிருந்தன. ஆனாலும் ஒரு கெடுதலும் நடக்கவில்லை.

"பார்த்தியா! சாஸ்திரம் காப்பாத்துது!" என்றது சடையாண்டி.

ஐந்தாம் நாள் மாசிலாமணி வந்தது.

இந்தத் தடவை ஓலையும் இல்லை, நெற்றிக் கோடும் இல்லை. கீழ்க்கரை நொச்சிப் புதருக்குள் நின்றது. காற்று அதன் முதுகிலிருந்து ஆடுகள் பக்கம் வீசியது. வீசட்டும் என்றுதான் அது அங்கே நின்றது.

மூக்காயியின் மூக்கு துடித்தது. இது புழுதி இல்லை, நரிவாடை. அது மூக்கைத் தரையில் தேய்த்தது. பல்லைக் கடித்தது. நாலு நாள் அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்தது.

"ஹச்!"

குளத்தில் நின்ற கொக்கு பறந்தது.

"ஐயையோ! ஒத்தைத் தும்மல்!" என்று முப்பத்தொன்பது ஆடும் அலறின. துள்ளி எழவில்லை. பூதாயிக்குப் பின்னால் ஓடவில்லை. தரையைச் சுரண்டின. உட்கார்ந்தன. கண்ணை இறுக மூடிக்கொண்டன.

"எந்திரிங்க! நிஜமாவே நரி!" என்றது மூக்காயி.

"உட்காரு மூக்காயி! உன்னாலேதான் எல்லாம்!" என்றது சடையாண்டி, கண்ணைத் திறக்காமல்.

மூக்காயி சுற்றிலும் பார்த்தது. எல்லாம் உட்கார்ந்திருந்தன. எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தி மட்டும் நின்றால், நிற்கிற அவளுக்கே தன் காலின்மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. அதுவும் சீடையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டது.

மாசிலாமணி புதருக்குள்ளிருந்து வெளியே வந்தது. ஓடவில்லை, பதுங்கவில்லை. பந்தியில் தன் இலையைத் தேடுகிற விருந்தாளி போல வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தது. சீடை நீரோரத்தில், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. நரி மெல்லக் குனிந்து சீடையின் பிடரியைக் கவ்வியது.

அங்கேதான் ஒரு சங்கடம் வந்தது.

வாயில் குட்டி இருக்கிறது. வாயைத் திறக்க முடியாது. மூச்சை மூக்கால்தான் இழுக்க வேண்டும். மூக்கு இருந்த இடமோ சடையாண்டியின் தாடிக்கு இரண்டு விரற்கடை தூரம். மாசிலாமணி மூன்று வருஷமாகக் கிடாவைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறது. கிட்டே முகர்ந்ததில்லை.

நரி ஒரு மூச்சு இழுத்தது. தாடியின் வாடை உள்ளே போனது. நாற்பது ஆடு கிளப்பிய புழுதியும் கூடவே போனது. அதன் கண் பிதுங்கியது. மீசை குத்திட்டு நின்றது.

"ஹ... ஹா... ஹச்ச்ச்!"

தும்மிய வேகத்தில் சீடை வாயிலிருந்து கிளம்பி, காற்றில் ஒரு குட்டிக்கரணம் அடித்து, தூங்கிக்கொண்டிருந்த பூதாயியின் முதுகில் போய்ப் பொத்தென்று விழுந்தது.

நாற்பது ஆடும் கண்ணைத் திறந்தன.

"யாரு தும்மினது?"

"சோசியர்! சோசியரே தும்மிட்டார்!"

மாசிலாமணி ஓடியிருக்கலாம். ஓடத்தான் திரும்பியது. ஆனால் சடையாண்டி குறுக்கே வந்து நின்றது. அதன் முகத்தில் உண்மையான கவலை.

"எங்கே கிளம்பிட்டீங்க சோசியரே! ஒத்தைத் தும்மல்! உட்காருங்க!"

"எனக்கு வேண்டாம். நான் அவசரமாப் போறேன்."

"அவசரமாப் போறப்பதான் தும்மக் கூடாது! யாரா இருந்தாலும் இதே சட்டம்தான்னு நீங்கதானே சொன்னீங்க! ஏ பிள்ளைகளா, சோசியரை உட்கார வைங்க!"

ஆடுகள் எல்லாம் நரியைச் சூழ்ந்தன. கோபமாக அல்ல, பாசமாக. கொம்பால் முட்டிப் பாசமாக உட்கார வைத்தன. இரண்டு கிழட்டு ஆடுகள் அதன் வால்மேல் உட்கார்ந்துகொண்டன.

"அம்மா! சோசியர் என்னைக் கவ்வினார்!" என்று பூதாயியின் முதுகிலிருந்து சீடை கத்தியது.

"பெரியவங்க நல்லது செய்றப்போ நடுவிலே பேசாதே!" என்றது சடையாண்டி. பிறகு நரியின் முகத்தருகே தாடியைக் கொண்டுபோய், "கண்ணை மூடிக்கிட்டீங்களா?" என்று அன்பாகக் கேட்டது.

"ஹச்ச்!"

"ரெண்டு! ரெட்டைத் தும்மல்! நல்லது!" என்று ஆடுகள் குதித்தன. "எந்திரிங்க சோசியரே!"

நரி எழுந்தது. ஆடுகள் குதித்ததில் புழுதி எழுந்தது.

"ஹச்ச்!"

"மூணு! ஐயோ, மறுபடியும் ஒத்தை! உட்காருங்க!"

"இல்லை, மூணுன்னா ஒரு ரெட்டை, ஒரு ஒத்தை" என்றது ஒரு ஆடு. "பாதி உட்கார்ந்தாப் போதும்."

"நாலாவது வர்ற வரைக்கும் எதுக்கும் தண்ணி கொடுத்து வைப்போம்!" என்றது இன்னொன்று.

மூன்று வாய் தண்ணீர் என்பது சட்டம். யார் எண்ணுவது என்று சட்டத்தில் இல்லை. நரியின் தலையைக் குளத்துக்குள் அழுத்தி, ஒவ்வொன்றும் தன் பங்குக்கு மூன்று எண்ணியது. மாசிலாமணியின் வயிறு தோண்டி மாதிரி உப்பியது.

இந்தக் கூச்சலில் பூதாயி கண் விழித்தது. ஐந்து நாளுக்குப் பிறகு முதுகில் ஒரு குட்டி. முதலில் அதற்குச் சந்தோஷம். பிறகுதான் கரையில் நடப்பதைப் பார்த்தது. எருமை சீக்கிரம் யோசிக்காது. ஆனால் யோசித்ததை விடாது.

"ஏத்தா மூக்காயி" என்றது. "கிளம்புறப்போ தும்மினா உட்காரணும், சரி. உங்க சோசியரு எந்தக் காரியத்துக்குக் கிளம்பினாரு?"

ஆடுகள் நின்றன.

"அதானே! எந்தக் காரியத்துக்கு சோசியரே?" என்றது சடையாண்டி.

நரி வாயைத் திறந்தது. தண்ணீர்தான் வந்தது.

"என்னைத் தின்ன!" என்றது சீடை. "அதைத்தானே அப்பவே சொல்றேன்! இங்கே பாருங்க, பல்லு பட்ட இடம்!"

மூக்காயி பார்த்தது. குட்டியின் பிடரியில் நான்கு பல்தடம் இருந்தது. நரியின் மீசையில் குட்டியின் மயிர் ஒட்டியிருந்தது. மூக்காயியின் தொங்கிய காது இரண்டும் எழுந்து நின்றன. இந்தத் தடவை அது மூக்கை எதிலும் தேய்க்கவில்லை.

"ஹச்!"

ஒரு ஆடும் உட்காரவில்லை.

சடையாண்டி பத்தடி பின்னால் போனது, தலையைக் குனிந்தது, வந்தது. நுனி உடைந்த கொம்புதான், ஆனாலும் வேலை செய்தது. மாசிலாமணி சீடை போன அதே பாதையில் காற்றில் போனது. ஆனால் முதுகில் தாங்காமல் எருமை ஒதுங்கிக்கொண்டதால், நேராகச் சேற்றில் விழுந்தது. அங்கே பூதாயி தன் கொம்பால் அதற்கு வழி காட்டியது.

எதிர்க்கரை ஏறி, வயிற்றுக்குள் தண்ணீர் களுக்களுக்கென்று குலுங்க, நரி ஓடியது. சத்தம் கேட்டுத் திரும்பி வந்த ரெட்டைவால் அதன் தலைக்கு மேலே பறந்துகொண்டே கேட்டது:

"சோசியரே, கிளம்புறப்போ மூக்காயி மதினி தும்மினாங்களே! கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போகலாமே!"

மாசிலாமணி உட்காரவில்லை. அடுத்த குளம் வரை உட்காரவில்லை.

அன்று மத்தியானம் வாகை மரத்தடியில் ஐந்து நாள் கதையையும் சேர்த்து ஆடுகள் பேசின. ரெட்டைவால் மூக்காயியின் முதுகில் சவாரி செய்தது. செம்மறிகள் விட்டுவைத்த கொஞ்சம் நெற்றை நாற்பதும் சண்டை போட்டுப் பகிர்ந்து தின்றன. சண்டை போட்டுத் தின்றதால் வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. பூதாயியின் முதுகில் அன்றைக்குப் பத்தொன்பது ராஜாக்கள். அதில் எட்டுத் தடவை சீடை.

"மெதுவாடா, கூசுது!" என்றது பூதாயி. சொன்ன பிறகு பயந்துபோய், "கொஞ்சமாத்தான் கூசுது" என்றது.

"ஏ மூக்காயி" என்றது சடையாண்டி, வேறு பக்கம் பார்த்தபடி. "நீ எப்ப வேணும்னாலும் தும்மிக்கோ."

"தும்முறேங்க. நீங்க ஒரு தடவை குளிச்சா நல்லா இருக்கும்."

"குளிக்கிறதா! இன்னிக்குக் குடும்பத்தைக் காப்பாத்தினது எந்த வாடைன்னு நினைச்சே?"

மூக்காயி ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது. இன்றுவரை சடையாண்டி குளிக்கவில்லை.

சொந்தபந்தத்தோடு கூடி மேய்கிற சுகத்துக்கு நல்ல நேரம் பார்க்கத் தேவையில்லை. அதைப் பார்த்துச் சொல்ல யாராவது வலிய வந்தால், முதலில் அவர் எந்தக் காரியத்துக்குக் கிளம்பினார் என்று கேட்க வேண்டும்.